எக்காரணம் கொண்டும்

நாற்பது வருடம் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில், செங்குத்தான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஆபீஸ். வாடகை ஒப்பந்தம், விற்பனைப் பத்திரம், உயில் என்று நான் தட்டாத தாள் இல்லை. வக்கீல் கையெழுத்துதான் போடுவார், வாசகம் என்னுடையது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது யாராவது என்னைக் காட்டி, "அங்கிள் சட்டம் தெரிஞ்சவரு" என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் போக்கிடம் கிள்ளானில் எங்கள் சங்கத்தின் வாசகசாலை ஒன்றுதான். மனைவி காலமாகிவிட்டாள். மகள் ரவாங்கில் இருக்கிறாள், மாதம் ஒருமுறை வருவாள். வாசகசாலை ஒரு வாகன உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடையும் கட்டடமும் ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம். ஆறு அலமாரி, ஒரு நீள மேசை, எட்டு நாற்காலி, இரண்டு காற்றாடி, அதில் ஒன்றுதான் சுற்றும். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஆரம்பத்தில் கொடுத்துப் பார்த்தார்களாம். போன புத்தகம் ஒன்றும் திரும்பி வரவில்லை. அதனால் உட்கார்ந்து படித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பிற்பகலில் சாவி என்னிடம் இருக்கும். நான் பேப்பர் படிக்கிற ஆள். காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அந்தப் பெண் மூன்றே முக்காலுக்கு வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. காலை ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும், ரயிலேறிக் கிள்ளானில் இறங்குவாள். ஐந்தரைக்கு வீட்டில் இருக்க வேண்டும். இடையில் கிடைக்கிற அந்த நேரத்தை அவள் ஒரு நாவலுக்கு வைத்திருந்தாள். ஜன்னலோர நாற்காலி, தோள்பை மடியில், செருப்பு வாசலில். படித்த இடத்தில் கிடங்கு லேபிள் ஒன்றை அடையாளமாக வைப்பாள், பின்புறத் தாளை உரிக்காமல். ஒருநாள் என்ன கதை என்று கேட்டேன். தோட்டத்தில் பிறந்து கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் கதை என்றாள். புருஷன் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவன். அவள் வீட்டை விட்டுப் போகலாமா, பிள்ளைகளுக்காக இருந்து தொலைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறாள்.

"நம்ம ஆளு யாரோ பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு அங்கிள்" என்றாள். "வீட்ல புக்கைத் தொட்டா சண்டை. இங்க வந்தாத்தான் படிக்க முடியுது."

அதற்கு மேல் கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஒருநாள் அவள் அலமாரியைத் தேடிவிட்டு என்னிடம் வந்தாள். நாவலைக் காணோம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காலையில் எங்கள் சங்கத் தலைவர் வந்துவிட்டுப் போயிருந்தார். கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர், வாய் நிறையச் சிரிப்பவர். போன் போட்டுக் கேட்டேன்.

"நான்தான் எடுத்து இரும்பு பீரோல வச்சேன் அண்ணே" என்றார். "புருஷன விட்டுட்டு ஓடறதப் பத்தி எழுதியிருக்கான். குடும்பப் பொம்பளைங்க வர எடம் இது. பேரு கெட்டுடும் லா."

"அது பாதியில இருக்குங்க. ஒருத்தங்க படிச்சுக்கிட்டு இருக்காங்க."

"வேற எவ்வளவோ நல்ல புக்கு இருக்கே. அதப் படிக்கச் சொல்லுங்க."

நான் போனை வைத்தேன். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. "நான் பாதியில நிக்கிறேன் அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்குப் படிக்க ஒன்றும் எடுக்காமல், ஐந்து மணி வரை ஜன்னல் பக்கம் வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து விதி எழுதினேன். படிக்கிற சுதந்திரத்தை யாரும் தொடக் கூடாது, தலைவனே ஆனாலும் தொடக் கூடாது என்று ஆவேசம். எழுதிய விதம்தான் வினை. நாற்பது வருடப் பழக்கம், எதையும் முதலிலிருந்து எழுத மாட்டேன். பழைய ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆளையும் பொருளையும் மாற்றுவேன். எல்லாக் குமாஸ்தாவும் அப்படித்தான். கையில் கிடைத்தது ஒரு கடை வாடகை ஒப்பந்தம். கடைக்குள் இருக்கிற மின்விளக்கு, கழுவுதொட்டி, இரும்புக் கதவு ஆகியவற்றை வாடகைக்காரர் எக்காரணம் கொண்டும் அகற்றக் கூடாது என்று ஒரு பிரிவு அதில் உண்டு. நானே ஆயிரம் தடவை தட்டிய பிரிவு. கழுவுதொட்டி இருந்த இடத்தில் நூல் என்று போட்டேன்.

"வாசகசாலைக்கு வழங்கப்படும் எந்த நூலையும் எவரும் எக்காரணம் கொண்டும் மறுக்கக் கூடாது. வாசகசாலைக்குள் வந்த எந்த நூலையும் எவரும் எக்காரணம் கொண்டும் அகற்றவோ மறைக்கவோ கூடாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தலைவர் நாளைக்கே ஆளைச் சேர்த்து விதியை மாற்றிவிடுவார் என்ற பயத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன்: "இவ்விதியைத் திருத்த, உறுப்பினர் அனைவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்." எழுதி முடித்து உரக்கப் படித்துப் பார்த்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை. அவ்வளவு திருப்தி எனக்கு.

ஆண்டுக் கூட்டத்தில் அது ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் வருவதே வாழையிலைச் சாப்பாட்டுக்குத்தான். பின்பக்கம் இலை விரித்து உப்பும் வைத்துவிட்டார்கள், ஆட்டிறைச்சி வாசம் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. நான் விதியைப் படித்தேன், எல்லாரும் கை தூக்கினார்கள். தலைவரும் சிரித்துக்கொண்டே தூக்கினார். மறுநாள் இரும்பு பீரோ திறந்தது, நாவல் அலமாரிக்கு வந்தது. அவள் அதை எடுத்து லேபிள் இருந்த பக்கத்தைத் திறந்தாள். அடுத்த நாள் ஸ்டேஷன் வாசலில் வாங்கின ஒரு பொட்டலம் கச்சான் பூத்தேயை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்தக் கடலையைத் தின்றபடி என் விதிக்குக் கண்ணாடிச் சட்டம் போட முடிவு செய்தேன், போட்டும் மாட்டினேன்.

முதலில் வந்தவர் தலைவர். மூன்று பெட்டி. பெட்டிக்குள் அவருடைய கவிதைத் தொகுப்பு.

எங்கள் ஊர் நூல் வெளியீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்டபம் பிடித்து, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, முதல் நூலை அவர் கையில் கொடுப்பார்கள். பிறகு எல்லாரும் வரிசையில் போய் உறையை நீட்டி, ஒரு நூலை வாங்கி, எழுதியவரோடு போட்டோ எடுத்துக்கொண்டு மீஹூன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கல்யாணத்துக்கு மொய் வைப்பது போலத்தான். நூலைத் திறந்து பார்க்கிறவர் அபூர்வம். அது வீட்டில் டிவிக்கு அடியில் போய்ச் சேரும். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு அடுக்கு இருக்கும், என் வீட்டிலும் இருக்கிறது.

"மறுக்கக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணே எழுதினீங்க" என்றார் தலைவர், பெட்டியைப் பிரித்துக்கொண்டே.

ஒரே புத்தகம், நூற்றுக்கு மேல் பிரதி. ஒன்று போதும் என்றேன். கண்ணாடிச் சட்டத்தைக் கையால் காட்டினார். மிச்சத்தைப் பெட்டியோடு மேசைக்கு அடியில் தள்ளப் போனேன். "பெட்டியில வச்சா மறைச்சதா ஆகும்" என்றார். அந்த மனுஷன் என் வாசகத்தை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார். அவரை இப்போதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்காக ஒரு மதிப்பு உண்டு.

செய்தி பரவியது. கிள்ளானில் ஒரு வாசகசாலை எதையும் வேண்டாம் என்று சொல்லாதாம். எத்தனை வீட்டின் டிவி அடியிலிருந்து விடுதலை வந்தது என்று எண்ணவில்லை. அதுகூடப் பரவாயில்லை, ஒரு வகையில் அவை நூல்கள். நம் ஆட்கள் எழுத்து இருக்கிற தாளைக் குப்பையில் போட மாட்டார்கள். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சரஸ்வதி இருக்கிறாள் என்று ஐந்து வயதில் சொல்லிக் கொடுத்தது அறுபத்தைந்திலும் போகாது. வீட்டைக் காலி செய்யும்போது, பெரியவர் யாராவது இறந்துபோகும்போது, இந்தத் தாள்களை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த சனத்துக்கு நான் ஒரு வாசல் திறந்துவிட்டிருந்தேன். பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் வந்தது. கோயில் கும்பாபிஷேக மலர் வந்தது. காலாவதியான டெலிபோன் டைரக்டரி வந்தது. சாமி படம் போட்ட பழைய காலண்டர்களை ஒரு அம்மா மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு வந்து, "இதக் கிழிக்க மனசு வரல தம்பி" என்று என் கையில் கொடுத்தார். நூல் என்றால் என்ன என்று நான் விதியில் எழுதவில்லை. யார் எழுதுவார்கள்? கழுவுதொட்டி என்றால் கழுவுதொட்டிதானே.

அலமாரி நிரம்பியது. மறைக்கக் கூடாது என்பதால் ஒன்றின் மேல் ஒன்றை வைக்கவும் முடியவில்லை, அட்டை தெரிய வேண்டும் என்று தலைவர் வந்து வந்து சரிபார்த்தார். மேசை மேல் பரப்பினோம். பிறகு நாற்காலிகளில். அவளுக்கு முதலில் மேசை போனது, அப்புறம் ஜன்னலோர நாற்காலி. கொஞ்ச நாள் நின்றுகொண்டே படித்தாள். எட்டு மணி நேரம் கிடங்கில் நின்றுவிட்டு வந்தவள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். உதிரிப்பாகம் வாங்க வருகிற ஆண்கள் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டு போவார்கள். அதனால் அவள் வருகிற நாட்களும் குறைந்தன. நான் பெரிய நியாயவான் போல என் நாற்காலியைக் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அதன் மேல் யாரோ சோதிடப் பஞ்சாங்கக் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த வருட மழையில் தாமான் குடியிருப்பு ஒன்றுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் ஒரு குடும்பம் சாக்கில் புத்தகங்களைக் கொண்டுவந்தது. தண்ணீரில் ஊறிக் கிடந்தவை. காயவைத்திருப்பதாகச் சொன்னார்கள். சாக்கின் அடியில் கை வைத்துப் பார்த்தேன், ஈரம். அவர்கள் வீட்டில் ஒரு பாய்கூட மிஞ்சவில்லை, இதையாவது காப்பாற்றலாம் என்று வந்திருக்கிறார்கள். எப்படி மறுப்பது? மறுக்கவும் கூடாது. இரண்டு வாரத்தில் அறை முழுக்கப் பூஞ்சை வாடை. சுவரோரம் மண் கோடு ஒன்று ஏற ஆரம்பித்தது. கறையான்.

விதியைத் திருத்தலாம் என்று உறுப்பினர் பட்டியலை எடுத்தேன். அனைவரின் சம்மதம். பட்டியலில் நான்கு பேர் செத்துப்போயிருந்தார்கள். பதிவேட்டிலிருந்து அவர்கள் பெயரை நீக்கச் செயலவை கூட வேண்டும், அதைக் கூட்டுவதற்குத் தலைவர் தேதி கொடுக்க வேண்டும். கேட்டால், "பார்ப்போம் லா அண்ணே, என்ன அவசரம்" என்றார். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நானும் முட்டி மோதவில்லை. விதியைத் திறந்தால் இந்த ஆள் உள்ளே புகுந்து நாவலைத் தூக்கிவிடுவான் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். நான் எழுதியது தப்பு என்று அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்பதுதான் அதைவிடப் பெரிய காரணம்.

அப்படி ஒரு பிற்பகலில் அவள் நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன் வந்து நின்றாள். அட்டையின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது.

"அங்கிள், இத நான் எடுத்துட்டுப் போவட்டா? கிடங்குல எனக்கு லாக்கர் இருக்கு. ரெஸ்ட் டைம்ல படிச்சிட்டு ஒரு வாரத்துல கொண்டாந்து குடுத்துடறேன். இங்க இருந்தா கெட்டுடும்."

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். தலைவர் இல்லை. எண்ணிப் பார்க்கிற ஆளும் இல்லை. சரிம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அப்படி எடுக்கக் கூடாதும்மா" என்றேன். கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினேன். "உனக்காகத்தாம்மா இந்த ரூலே போட்டேன். இன்னைக்கு உனக்கு விட்டா, நாளைக்குத் தலைவரு ஒன்னு எடுப்பாரு. அப்புறம் நான் என்ன சொல்றது?"

அவள் சட்டத்தைப் படித்தாள். மெதுவாக, இரண்டு தடவை படித்தது போலிருந்தது.

"நான் ஒரு புக்குதான் அங்கிள் கேட்டேன்" என்றாள்.

லேபிளை இருந்த பக்கத்திலேயே வைத்து, நாவலை அலமாரியில் செருகிவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் சுலபம்.

ஒரு மாதம் கழித்துக் கீழ்க்கடைத் தவுக்கே மேலே வந்தார். அவர் கடையின் மேல்தட்டுப் பலகையில் கறையான் இறங்கிவிட்டது, பாரத்தில் ஒரு உத்தரம் விரிசல் விட்டிருந்தது. மலாயில் மரியாதையாகத்தான் பேசினார். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். அகற்றக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது என்று நானும் மலாயில் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இந்த ஆளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்கிற கவலைதான் இருந்தது. மாத முடிவில், ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பழைய பேப்பர் வாங்குகிற லோரியை அவரே கூப்பிட்டார். என் விதி எங்கள் உறுப்பினர்களைக் கட்டியது, அவரைக் கட்டாது. படிக்கிற சுதந்திரத்துக்கு நான் போட்ட வேலியில், ஒரு லோரி போகிற அளவுக்கு இடம் இருந்தது.

தலைவர் அன்றைக்கு வந்து லோரிக்காரனுக்கு உதவியாகக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். தன் கவிதைத் தொகுப்பைக்கூட ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தார். "விடுங்க அண்ணே, நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நாவலை நான் தேடி எடுத்தேன். லேபிள் இருந்த பக்கம் வரைக்கும் தாள் பிரிந்தது. அதற்குப் பிறகு ஈரத்தில் ஒட்டி, பூஞ்சை பிடித்து, ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. பிரிக்கப் பார்த்தால் எழுத்தோடு கிழிந்து வந்தது. வேறு பிரதி கிடைக்குமா என்று பிரிக்ஃபீல்ட்சில் இருக்கிற புத்தகக் கடைகளில் விசாரித்தேன். அது பல வருடமாகப் பதிப்பில் இல்லை என்றார்கள். குப்பையில் போட மனம் வரவில்லை. என் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது.

சில மாதம் கழித்து, பிரிக்ஃபீல்ட்சில் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் அவள். மடியில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று. என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னாள். வாசகசாலை மூடியது தெரியும் என்றாள், போர்டு இல்லாததைப் பார்த்தாளாம். இப்போது பிற்பகல் ஷிப்ட், நேராகப் போர்ட் கிள்ளான் போகிறாள்.

"பிரிக்ஃபீல்ட்ஸ்ல என்னம்மா வேலை?"

"ஒரு லாயரப் பார்க்க வந்தேன் அங்கிள்." கோப்பின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். "பேப்பரெல்லாம் குடுத்திருக்காங்க. இன்னும் சைன் வைக்கல."

நான் தலையாட்டினேன். விவாகரத்துத் தாள்களை நானும் நிறையத் தட்டியிருக்கிறேன்.

ஷா ஆலாம் தாண்டியது. அவள் திடீரென்று கேட்டாள். "அங்கிள், அந்தக் கதையில அவ கடைசில வீட்ட விட்டுப் போயிட்டாளா? இல்ல இருந்துட்டாளா?"

அந்த நாவலை நான் படித்ததில்லை. ஒரு பக்கம்கூட. அதற்காகத் தலைவரோடு சண்டை போட்டேன், விதி எழுதினேன், கண்ணாடிச் சட்டம் போட்டேன், அவள் கையிலிருந்தே அதைக் காப்பாற்றினேன். எத்தனையோ பிற்பகல் அது என் பக்கத்து அலமாரியிலேயே இருந்தது, நான் மரண அறிவித்தல் படித்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதும்மா என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் என்னைப் படித்தவனாக நினைத்துக் கேட்கிறாள். அறுபதைத் தாண்டிய ஓர் ஆம்பிளை, முன்பின் யோசிக்காமல் ஒரு பெண்ணுக்குச் சொல்கிற பதில்தான் வாயில் வந்தது.

"இருந்துட்டாம்மா. புருஷன் திருந்திட்டான். எல்லாம் சமாதானமாப் போயிருச்சு."



"அப்படியா" என்றாள். "நான் வேற மாதிரி நெனச்சேன்."

கோப்பைத் தோள்பைக்குள் மடக்கித் திணித்தாள். அது முழுதாக உள்ளே போகவில்லை. கிள்ளான் வந்தது, வரேம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கதவு மூடி ரயில் நகரும்போது அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. தலைவர் அந்தக் கதையை இரும்பு பீரோவில் பூட்டி மட்டும்தான் வைத்தார். படிக்காமலே அதற்கு ஒரு முடிவு கட்டியவன் நான்.